ஆவாரை: தோலுக்கும் தரிசுக்கும் உதவிய செடி

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறும் வழியெங்கும் மஞ்சளாய்ப் பூத்து நிற்பது இந்த ஆவாரைதான். குரோமிய உப்பு வருமுன் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிட உதவியது இதன் பட்டை. அதில் ஏறத்தாழ 18 சதவீதம், தோலைப் பதப்படுத்தும் டானின். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்க வாட்டில் மரப்பட்டை கப்பலேறி வந்தது, பிறகு குரோமியம். தோல் கழிவால் பாலாற்று நிலங்கள் கெட்டதை 1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நாடறியச் செய்தது.

கரம்பு, சரளை, ஓரளவு உப்பேறிய மண் எதிலும் ஆவாரை பிடித்துக்கொள்ளும். ஆடுமாடு பெரும்பாலும் வாய் வைக்காது. வேலி போட முடியாத பொது நிலத்துக்கு இது பெரிய வரம். அவரைக் குடும்பமானாலும் வேரில் தழைச்சத்து முடிச்சுகள் கிடையாது. உதிரும் இலையே மண்ணுக்கு உரம். நாற்றங்காலும் தேவையில்லை. காய்ந்த நெற்றை உடைத்து, விதையை வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மழைக்கு முன் கீறிய மண்ணில் தூவலாம்.

பூவில் தேன் இல்லை. கரிய தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைக்கும்போது மகரந்தம் பொடியாய்ச் சிதறுவதைச் சற்று நின்று பாருங்கள்.

போகிக்குக் காப்புக் கட்டப் பூங்கொத்து ஒடித்துக்கொள்ளலாம். பட்டையை மட்டும் உரிக்க வேண்டாம், கிளை காய்ந்துவிடும்.