மெய்ப்பாடும் மதியிறுக்கமும்

சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலியில், ஆடுபவரின் புருவம் நெரிந்ததுமே அது சினம் என்று அவையோர் உணர்ந்துகொள்வதற்குக் காரணம், இரு தரப்பாரும் ஒரே மரபில் பழகியிருப்பதுதான். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு எனக் கொண்டு, நகை, அழுகை முதலாக எட்டு வகையாக அதனைப் பகுத்த தொல்காப்பியமும் இத்தகைய பொதுவழக்கை நம்பியே அவ்வாறு பகுத்தது எனலாம். அவ்வழக்கிற்குள் அடங்காத மெய்ப்பாடு உடையவர்களே மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உள்ளவர்கள்.

நாடெங்கும் ஆட்டிசத்திற்கு மாற்றுத்திறனாளிச் சான்று வழங்கப் பயன்படும் ‘ஈசா’ என்னும் இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்பட்டு, மொத்தம் 70ஐ எட்டினால் ஆட்டிசம் எனக் கொள்ளப்படுகிறது. உணர்ச்சி பற்றிய பகுதியில், வெளிப்படையான காரணமின்றிக் கிளர்ச்சியடைதல் என்பதும் ஒரு கூறு. காரணம் யாருக்கு வெளிப்படவில்லை என்று அளவுகோல் கேட்பதில்லை. பார்ப்பவரின் திகைப்பும் குழந்தையின் கணக்கிலேயே ஏறிவிடுகிறது. சிதம்பரத்தின் ஆனித் திருமஞ்சனத் தேரோட்டத்தில் தவிலும் கூட்ட இரைச்சலும் சேர்ந்து எழும்போது காதைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிடும் சிறுவனை ‘அடம் பிடிக்கிறான்’ என்றே சுற்றியிருப்போர் சொல்வார்கள். ஒலி அவனுக்கு வலியாகவே இருக்கக்கூடும். கைகளைப் படபடவென அசைப்பது பதற்றமாகவும் இருக்கலாம், தொல்காப்பியம் சொல்லும் உவகையாகவும் இருக்கலாம்.

தம் உணர்வையே இன்னதென இனங்கண்டு சொல்ல இயலாத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். அது ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் காணப்படுவதாக ஆய்வுகள் கூறினாலும், உணர்வே இல்லாத நிலையன்று அது. ஆட்டிசம் இல்லாதவர்களிடமும் அது உண்டு.

ஆட்டிசம் உள்ளவர்கள் பிறர் மனத்தை அறியமாட்டார்கள் என்ற கருத்து 1985க்குப் பின் ஓங்கியிருந்தது. தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்ட்டன், புரியாமை இருபுறத்தும் நிகழ்வது என்று 2012இல் வாதிட்டு, அதற்கு இரட்டைப் பரிவுச் சிக்கல் எனப் பெயரிட்டார். ஆய்வாளர் நோவா சாசன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாதத்திற்கு வலுச் சேர்க்கிறது: ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் காட்சியைச் சில நொடிகள் கண்டவர்களும் குரலை மட்டும் கேட்டவர்களும் அவர்களோடு பழக அவ்வளவாக விரும்பவில்லை, அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அந்தத் தயக்கம் காணப்படவில்லை.