பனி தேசத்து மயிலாப்பூர் – 14: திறந்தே கிடந்த ஜன்னல்

1914 மார்ச் 17 அன்று ராமானுஜனை நெவாசா கப்பலில் ஏற்றிவிட்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். குடுமி எடுத்தது, அம்மாவையும் மனைவி ஜானகியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவைத்தது எல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். கேம்பிரிட்ஜில் அவருடைய அன்றாடம், அந்த ஊர் விளையாட்டு, அந்த ஊர் அரசியல் மூன்றையும் இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மூன்றும் வரும். ஆனால் நான்காவதாக ஒரு விஷயம் கையில் கிடைத்து, இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாமல் செய்துவிட்டது. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போகிற ஒவ்வொருவரும் கடக்கிற ஒரு நிலையத்தைப் பற்றியது அது. முறைப்படி அவருடைய அன்றாடத்திலிருந்து, அதிலும் போர்வையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ராமானுஜன் இங்கிலாந்தில் இறங்கியது ஏப்ரல் 14. முதல் சில வாரங்கள் கணிதவியலாளர் நெவில் தம்பதியின் வீட்டில் இருந்தார். ஜூனில் டிரினிட்டி கல்லூரியின் ஹ்யூவெல்ஸ் கோர்ட் அறைக்குக் குடிபோனார். அதுவரை வந்ததெல்லாம் வசந்தமும் கோடையும். குளிர் என்றால் என்ன என்று அந்த நாடு அவருக்கு இன்னும் காட்டவில்லை. காட்டியபோது பக்கத்தில் நெவில் வீட்டு அம்மாள் இல்லை. தனி அறை, தனிக் கட்டில்.

கல்கத்தாவிலிருந்து வந்து கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பி.சி. மஹலனோபிஸ் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய அதே மஹலனோபிஸ்தான். ராமானுஜன் கணப்பு நெருப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ராத்திரியில் குளிர் தாங்குகிறதா என்று மஹலனோபிஸ் கேட்டார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சால்வையும் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார் மஹலனோபிஸ். கட்டிலில் வேண்டிய கம்பளிகள் இருந்தன. எல்லாமே மெத்தையின் அடியில் ஓரம் செருகி, இறுக்கமாக, மடிப்புக் கலையாமல் இருந்தன. மேலே ஒரு துணி விரிப்பு மட்டும் தளர்வாகக் கிடந்தது. அந்த விரிப்புக்கும் கம்பளிக்கும் நடுவில்தான் நம்முடைய ராமானுஜன் ராத்திரிகளைக் கழித்துக்கொண்டிருந்தார். கம்பளியை விலக்கி அதற்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மஹலனோபிஸ் விலக்கிக் காட்டினார். அந்த உதவி அவர் மனத்தை மிகவும் தொட்டுவிட்டது என்று மஹலனோபிஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1967-ல் ராமானுஜனைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறது.

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருவல்லிக்கேணி வீட்டில் படுக்கை என்றால் பாய், தலையணை, கால்மாட்டில் மடித்து வைத்த போர்வை. பாயை விரிப்போம், படுப்போம், போர்வையை உதறி மேலே இழுத்துக்கொள்வோம். விடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்திவிடுவோம். போர்வை நம் ஊரில் தனிப் பொருள். அங்கேயோ அது கட்டிலோடு சேர்த்துக் கட்டப்பட்ட சமாசாரம். மெத்தை மேல் இறுக்கமாகச் செருகிய கம்பளியைப் பார்க்கிற எவருக்கும் அது மெத்தையின் உறை என்றுதான் தோன்றும். அந்த ஊரில் பிறந்தவனுக்கோ இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்றே தோன்றாது. இரண்டு பக்கமும் தப்பில்லை. நடுவில் ஒரு மனிதர் குளிரில் விறைத்துக் கிடந்தார்.

இந்தத் தொடர் முழுக்க நான் ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்: வந்து சேர்ந்தவரிடம் “ராத்திரி குளிருதா?” என்று முதலில் கேட்டவர் யார்? மயிலாப்பூரிலிருந்து டொரான்டோவுக்குப் போனவரானாலும், அடையாறிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குப் போனவரானாலும், அந்தக் கேள்வி வந்த நாளிலிருந்துதான் அந்த ஊர் அவருக்கு ஊராகிறது. ராமானுஜன் விஷயத்தில் அதைக் கேட்டவர், அவரைப் போலவே வெயில் நாட்டிலிருந்து வந்த ஒரு மாணவர். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி மகா மேதை, நல்ல மனிதர், ராமானுஜனைக் கண்டெடுத்தவர். அவர் கண்ணுக்குக் கட்டில் தெரியவில்லை.

மஹலனோபிஸ் பெயர் வந்த பிறகு இன்னொன்றையும் சொல்லாமல் நகர முடியாது. அந்த டிசம்பரில் ஸ்ட்ராண்ட் என்ற ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு புதிர் வந்தது. பெல்ஜியத்தின் லூவேன் நகரில் ஒரு நீளமான தெரு. வீடுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்கள். ஒருவருடைய வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். அவர் வீட்டு எண் என்ன? ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். மஹலனோபிஸ் படித்துக் காட்டினார். கரண்டியைக் கீழே வைக்காமலே, இந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்லாமல் இப்படிப்பட்ட தெருக்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு தொடர் பின்னத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார். விடை 204, தெருவில் 288 வீடுகள். ஒன்றிலிருந்து 203 வரை கூட்டிப் பாருங்கள், 205-லிருந்து 288 வரை கூட்டிப் பாருங்கள், இரண்டும் 20,706. நான் கூட்டிப் பார்த்தேன்.

அந்த லூவேனை 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை எரித்திருந்தது. பல்கலைக்கழக நூலகமே சாம்பலானது. லண்டன் பத்திரிகைப் புதிரில் பெல்ஜியத் தெரு வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். நம்மவரின் அடுப்படிக்குள் உலக யுத்தம் புதிராக நுழைந்தது. பிறகு பாலும் காய்கறியும் கிடைப்பதில் கஷ்டமாக நுழைந்தது. சுத்த சைவம். சென்னையிலிருந்து புளி, தேங்காய் எண்ணெய் என்று பார்சலில் வர வேண்டியிருந்தது. இன்றைக்கும் மயிலாப்பூரில் வெளிநாட்டுக் கூரியர் கடைகளில் புளிக்காய்ச்சலையும் பருப்புப்பொடியையும் எடைபோட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி, பேரனின் பெட்டியில் வைக்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் இரண்டு உறை போட்டுக் கட்டி, மேலே தேதி எழுதுவார். ராமானுஜனுக்கு வந்த பார்சலுக்கு நடுவில் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிகிற கடல் இருந்தது.

இனி விளையாட்டு. ஹார்டிக்குக் கிரிக்கெட் உயிர். ராமானுஜன் மறைந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆன பிறகும் அவர் கேம்பிரிட்ஜின் ஃபென்னர்ஸ் மைதானத்துக்கு மே மாதத்தில்கூட மூன்று நான்கு ஸ்வெட்டர், குடை, கணக்குத் தாள்கள் எல்லாம் சுமந்துகொண்டு போவாராம். மழை வந்தால் வேலை செய்யலாம் என்று தான் ஆசைப்படுவதாகக் கடவுளை நம்பவைத்துவிட்டால் வெயில் அடிக்கும் என்பது அவர் கணக்கு. நாவலாசிரியர் சி.பி. ஸ்னோ இதை எழுதியிருக்கிறார். கோடைக்கால விளையாட்டுக்கே நாலு ஸ்வெட்டர் கேட்கிற ஊர்!

யுத்தம் வந்ததும் கேம்பிரிட்ஜில் ஒரு கிரிக்கெட் மைதானம் ஆஸ்பத்திரியானது. காயம்பட்ட சிப்பாய்களை முதலில் டிரினிட்டியின் நெவில்ஸ் கோர்ட் வளைவுகளுக்குக் கீழேதான் படுக்கவைத்தார்கள். அதே 1914-ல் கிங்ஸ், கிளேர் கல்லூரிகளின் கிரிக்கெட் மைதானத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டில்களோடு ராணுவ ஆஸ்பத்திரி எழுந்தது. இப்போது பல்கலைக்கழக நூலகம் நிற்கிற இடம் அது. அந்த வார்டுகளுக்கு மூன்று பக்கம்தான் சுவர். தெற்குப் பக்கம் திறந்தவெளி. பனி அடித்தால் உள்ளே வரும். கஞ்சத்தனத்தால் அப்படிக் கட்டவில்லை, வைத்தியமே அதுதான். குளிர்ந்த காற்று புண்ணையும் ஆற்றும், நெஞ்சையும் ஆற்றும் என்று அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவம் மனதார நம்பியது.

அந்த நம்பிக்கையிடம்தான் ராமானுஜன் மாட்டினார். 1917-ல் உடம்பு படுத்தது. வயிற்றுப் புண் என்றார்கள், பிறகு காசநோய் என்றார்கள். குடலை விட்டுக் கல்லீரலுக்கு ஏறிய அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று 1994-ல் டாக்டர் டி.ஏ.பி. யங் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். அன்றைக்குக் கையில் இருந்த வைத்தியம் சானடோரியம், அதாவது ஜன்னலைத் திறந்து போடுவது. ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. வந்து ஒரு மாதமாகியும் ஒரு நாள்கூடக் கணப்பு மூட்ட விடவில்லை. முக்கியமான கணக்கு வேலை இருக்கிற நாளில் மூட்டலாம் என்று சொன்னார்கள், அந்த நாள் வரவேயில்லை. ஆனால் குளியலறைகள் கதகதப்பாக இருக்கின்றன, தினமும் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காரப்போகிறேன், சீக்கிரமே இரண்டு மூன்று விஷயங்கள் அனுப்புகிறேன். இதுதான் கடிதத்தின் சாரம். நெருப்புக் கேட்டுக் கெஞ்சிய கையோடு தேற்றங்களுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அப்படி அவர் போய்ச் சேர்ந்த சானடோரியங்களில் ஒன்று, இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில், வெல்ஸ் நகருக்கு அருகில் இருந்தது. அதை நடத்தியவர் ஒரு தமிழர். டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து. காசநோய் நிபுணர். 1910-ஐ ஒட்டிய வருடங்களிலேயே வெள்ளைக்கார நோயாளிகளுக்குத் திறந்தவெளிச் சிகிச்சை தந்து, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர். ராமானுஜன் அங்கே நீண்ட நாள் தங்கவில்லை. டெர்பிஷையரின் மேட்லாக்குக்கு மாறிவிட்டார். ஆனால் சவுரிமுத்துவின் கதை அங்கே முடியவில்லை. அவர் சென்னைக்குத் திரும்பினார். 1928-ல் தாம்பரத்துக்கு முன்னால், அன்றைக்குக் காடும் மேடுமாகக் கிடந்த இடத்தில், சில கட்டில்களோடு ஒரு காசநோய் மருத்துவமனை தொடங்கினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம்.

பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் என்று எத்தனை தடவை அந்த அறிவிப்பைக் கேட்டிருப்போம்! மெண்டிப் மலையில் ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டரின் கைதான் இங்கேயும் அஸ்திவாரம் போட்டது என்று யாராவது நமக்குச் சொன்னார்களா? பள்ளிக்கூடத்தில் 1729 என்ற டாக்ஸி எண்ணைச் சொல்லித்தருகிறார்கள், சந்தோஷம். சவுரிமுத்துவையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்று நான் அழுத்தமாகக் கேட்கிறேன். குளிர் தேசத்தில் நம்மவரை வாட்டிய அதே திறந்த ஜன்னல், தாம்பரத்து வெக்கையில் ஏழை நெஞ்சுகளுக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. காற்றோட்டமில்லாத ஒண்டுக்குடித்தனங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். இருமிக்கொண்டு வந்து, மரநிழலில் படுத்து, மூச்சு விட்டவர்கள்.

அரசியலுக்கு இடம் குறைந்துவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தத்துவ மேதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் டிரினிட்டியில் விரிவுரையாளர். யுத்தத்தை எதிர்த்தார். துண்டுப் பிரசுரம் ஒன்றுக்காக 1916-ல் நீதிமன்றம் அவருக்கு 100 பவுண்டு அபராதம் போட்டது. அடுத்த மாதமே கல்லூரி அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஹார்டி ரஸ்ஸல் பக்கம் நின்றார். கல்லூரியின் மூத்தவர்கள் பலருக்கு ஹார்டியைக் கண்டாலே ஆகவில்லை. 1917-ல் ராமானுஜனுக்கு டிரினிட்டி ஃபெல்லோ பதவி கேட்டபோது கிடைக்கவில்லை. கணக்கில் குறை சொல்ல முடியாத ஒருவருக்கு ஏன் கிடைக்கவில்லை? பரிந்துரைத்தவர் மீதிருந்த கோபமும், வந்தவரின் நிறமும் சேர்ந்துதான் அந்தக் கதவை அடைத்தன என்பது என் முடிவு. மறு வருடம் மே மாதத்தில் ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு, அக்டோபரில், டிரினிட்டியும் கொடுத்தது. தெருவில் நடக்கிற அரசியலில் அவர் கலந்துகொள்ளவில்லை. அது அவர் பெயரை வாக்கெடுப்புக்கு இழுத்து வந்தது. குளிர் தேசத்துக்குப் போகிறவர்கள் இதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போக வேண்டும்: நீங்கள் ஒதுங்கியிருந்தாலும் அந்த ஊர்ச் சண்டையில் உங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவார்கள்.

1919 மார்ச் 27 அன்று பம்பாயில் இறங்கி, சென்னைக்கு வந்து, ராமானுஜன் சில காலம் மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோடில் ஒரு வீட்டில் இருந்தார். அந்த வீட்டு நாட்களைத் தனியாக எழுத வேண்டும்.

ஒதுங்கி நிற்காமல், போன ஊரிலேயே கோஷம் போட்டு ஜெயித்த இரண்டு சிறுமிகளின் கதை அடுத்த வாரம். பெசன்ட் நகரில் தாத்தா பி.வி. கோபாலன் வீடு, அம்மா சியாமளா கோபாலன், புற்றுநோய் ஆராய்ச்சியாளர். கலிபோர்னியா வெயிலிலிருந்து ஒரு பிப்ரவரியில், பனி குவிந்த மான்ட்ரியல் நகரத்துக்கு மகள்களைக் கூட்டிப்போனார். குடியிருந்த கட்டடத்தின் முன்னால் புல்வெளி. பிள்ளைகள் அங்கே கால்பந்து விளையாடக் கூடாது என்று தடை. மூத்தவள் கமலாவும் தங்கை மாயாவும் வாசலில் ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள்; தடை நீங்கியது. அதே வருடங்களில் மான்ட்ரியல் இருக்கும் மாகாணமே கனடாவிலிருந்து பிரிவதா வேண்டாமா என்று கொதித்துக்கொண்டிருந்தது, 1980 மே 20 அன்று வாக்கெடுப்பு வரை போனது. ஐஸ் ஹாக்கியில் மான்ட்ரியல் அணி தொடர்ந்து நான்கு வருடம் ஸ்டான்லி கோப்பையை வென்றதும் அப்போதுதான்.

(தொடரும்)