பூனையாரின் பொக்கிஷம்

இரவு பத்து மணியளவில், விளக்கணைத்து அனைவரும் படுக்கைக்குச் சென்ற பின்னர், எமது வீட்டு விறாந்தையில் ஒரு விசித்திரமான குரல் எழும். அது பசியாற் கத்தும் குரலன்று; சண்டைக்கு அறைகூவும் குரலுமன்று. வாயில் எதையோ கவ்விக்கொண்டு அடித்தொண்டையால் எழுப்பும் நீண்ட ஓலம். எமது வளர்ப்புப் பூனை செம்பனே அவ்வாறு வருகிறான். அறைவாசலில் அவன் கொணர்ந்து வைப்பது எலியன்று. எமது இளைய மகள் பள்ளிக்கு அணிந்து கழித்துவிட்ட வெள்ளைக் காலுறை அது. உருட்டி முடிச்சிட்ட அந்தக் காலுறையே நான்கு ஆண்டுகளாக அவனுடைய பொக்கிஷமாக விளங்குகின்றது.

சென்ற ஆண்டு பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கியபோது, எமது இல்லாள் அதனை அழுக்கென்று கருதி, ஏனைய துணிகளுடன் தோய்த்துக் கொடியிற் போட்டுவிட்டார். செம்பன் கட்டிலின் கீழும் அலுமாரியின் பின்னும் நாள் முழுவதும் தேடித் திரிந்தான். மாலையில் உலர்ந்த காலுறையை அவன்முன் இட்டோம். முகர்ந்து பார்த்தான், முன்பின் அறியாதவரைக் கண்டவன்போல் அப்பாற் சென்றான். கன்னத்தை அதன்மீது உரசி உரசி மீண்டும் தன்னுடையதாக்கிக் கொள்ள அவனுக்கு இரண்டு நாள்கள் சென்றன.

இதில் வியப்பில்லை. பூனையின் கன்னத்திலும் தாடையிலும் பாதங்களிலும் மணச்சுரப்பிகள் உள்ளன. தான் உரசிய பொருளிற் பூனை தன் மணத்தையே பதித்து வைக்கிறது. நாம் கண்ணால் உறவினரை அறிவதுபோல, அது மூக்கினால் தன் உடைமையை அறிகின்றது. ஆகவே, பூனை நேசிக்கும் பொருளை அடிக்கடி தோய்ப்பது நாம் நினைக்கும் அளவுக்கு அதற்கு உபகாரமாகாது.

பூனை விளையாடுகின்றது என்பதைவிட வேட்டையாடிப் பார்க்கின்றது என்பதே பொருத்தம். குட்டிகள் பிறந்து நான்கு கிழமையளவில் ஒன்றோடொன்று கட்டிப்புரளத் தொடங்குகின்றன. ஏழு, எட்டுக் கிழமையில் அசையும் பொருள்களைத் துரத்துகின்றன. பதுங்குதல், குறிபார்த்தல், பாய்தல், முன்கால்களால் அணைத்துப் பின்கால்களால் உதைத்தல், கடித்தல் ஆகிய அனைத்தும் எலி பிடிக்கும் வித்தையின் படிகளே. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் ஜோன் பிராட்ஷோவும் அவருடன் உழைத்தவர்களும் இதனைப் பரிசோதித்து 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். பசித்த பூனை கூடுதலாக விளையாடுகிறது என்றும், ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அது சலிப்படைகிறது என்றும், வேறொன்றை மாற்றிக் கொடுத்தால் உற்சாகம் மீள்கிறது என்றும் அவர்கள் கண்டனர்.

இந்தச் சலிப்பின் காரணம் சிந்திக்கத்தக்கது. உண்மையான எலி கடிபட்டால் மாறும்; தோல் கிழியும்; துடிப்பு அடங்கும். விளையாட்டுப் பொருளோ எத்தனை முறை கடித்தாலும் அப்படியே கிடக்கும். வேட்டை பலிக்கவில்லை என்று பூனை அதனைக் கைவிட்டுவிடும். ஆனால், கடிக்கக் கடிக்கப் பிய்ந்து, இறகு உதிர்ந்து, நூல் பிரிந்து வரும் பொருளானால் அதற்கு வெற்றியின் களிப்பு உண்டாகிறது. ஆக, பூனைக்கு மிகவும் பிரியமானது எதுவோ அதுவே மிகவும் ஆபத்தானதாகவும் இருக்கக்கூடும். இந்த உண்மையை நாம் நூல்களிற் படித்து அறியவில்லை; ஓர் உயிரைக் கொடுத்தே அறிந்தோம்.

செம்பனுக்கு முன்னர் எம்மோடு வாழ்ந்தவள் கறுப்பி. தையல் யந்திரத்தின் அருகே அமர்ந்து, நூற்கட்டை உருளும் அழகைப் பார்த்திருப்பது அவளுக்கு வழக்கம். ஒருநாள் கட்டை கீழே விழுந்தது. அவள் அதனைத் துரத்தியோடி நூலிற் சிக்குண்டு புரண்ட காட்சியைக் கண்டு வீட்டார் அனைவரும் கைகொட்டிச் சிரித்தோம். மறுநாள் அவள் சோறும் மீனும் தொடவில்லை. வாந்தி எடுத்தாள். பூனைக்கு இது வழக்கந்தானே, புல்லைத் தின்றாற் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் நெல்மூட்டைகளின் பின்னே ஒளிந்து கிடந்தவளை எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினோம். அவர் வாயைத் திறந்து நாக்கை உயர்த்திப் பார்த்தார். நாக்கின் அடியில் ஒரு வெள்ளை இழை இறுகிக் கிடந்தது.

“மாஸ்ரர், முதல் நாளே கொண்டு வந்திருக்கலாமே” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சத்திரசிகிச்சை செய்தும் கறுப்பி பிழைக்கவில்லை.

நூல் எவ்வாறு கொல்லுகின்றது? பூனையின் நாக்கு அரம் போன்றது. அதிலுள்ள நுண்முட்கள் தொண்டையை நோக்கி வளைந்திருப்பதால், வாயிற் சிக்கிய நூலை வெளியே துப்புவது அதற்கு அரிது, விழுங்கவே நேரும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுட் செல்லும். குடல் தன் இயல்பான அசைவினால் அதனை முன்தள்ள முயலும். நூல் நகராது. பாவாடை நாடாவை இறுக்கும்போது துணி சுருங்கி மடிவதுபோல, குடலே நூலின்மேற் சுருங்கி மடியும். இறுகிய நூல் ஈற்றில் குடற்சுவரை அறுத்துவிடும். நூலோடு ஊசியும் சேர்ந்துவிட்டால் ஆபத்து இரட்டிப்பாகும்.

ஆதலால் பூனை வளர்க்கும் இல்லங்களில் சில விதிகளைக் கைக்கொள்ளுதல் நன்று. தையற்பெட்டி எப்போதும் மூடியிருக்கட்டும். நூல், நாடா, இறப்பர் வளையம், பரிசுப்பொதி கட்டும் மினுக்கு இழை ஆகியன தரையிற் கிடத்தலாகாது. கயிற்றில் இறகு கட்டி ஆட்டுவது நல்ல விளையாட்டே. ஆனால் மறுமுனை மனிதரின் கையில் இருத்தல் வேண்டும். விளையாட்டு முடிந்ததும் அது அலுமாரிக்குட் போய்விட வேண்டும். கடையில் வாங்கும் பொம்மை எலியின் கண்மணிகளையும் சிறு மணிகளையும் கொடுப்பதற்கு முன்னரே அகற்றிவிடுக. எப்பொருளும் பூனையின் வாய்க்குள் முழுமையாக அடங்காத அளவினதாக இருக்கட்டும். கைபிடியுள்ள பைகளிற் பூனை தலையை நுழைத்துக் கழுத்து மாட்டிக்கொள்ளும். கைபிடியை வெட்டிய பின்னரே கொடுக்கலாம். துணியைத் தின்னும் பழக்கமுள்ள பூனைக்குத் துணிப்பொருள் எதுவும் ஆகாது.

செலவு செய்ய வேண்டியதில்லை. கசக்கி உருட்டிய கடுதாசிப் பந்து, மேசைப்பந்து, வெறும் மட்டைப்பெட்டி என்பனவே போதும். இவற்றை ஒன்றாகக் கொடாது, நாளுக்கொன்றாக மாற்றிக் கொடுத்தாற் சலிப்பு ஏற்படாது. சுவரில் ஓடும் சிவப்பு ஒளிப்புள்ளியைப் பலர் இப்போது விளையாட்டாகக் காட்டுகின்றனர். பிடிக்க முடியாத இரையைத் துரத்தும் பூனைக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஒளியைக் கண்ணிற் படவிடாது, இறுதியில் உண்மையான பொருளொன்றைப் பிடிக்கவிட்டு, ஒரு துண்டு மீனும் கொடுத்தால் வேட்டை நிறைவெய்தும். நமது விரல்களை மாத்திரம் விளையாட்டுப் பொருளாக்குதல் வேண்டாம். குட்டியிற் பழகிய கடி பெரிதானதும் மறவாது.

இவ்வளவும் செய்தும் பூனை நூலை விழுங்கிவிட்டதென்று ஐயம் எழுந்தால், வாயிலோ பின்புறத்திலோ தொங்கும் நூலை ஒருபோதும் இழுத்தலாகாது. இழுத்தால் குடல் அறுபடலாம். உணவை மறுத்தல், தொடர்ந்து வாந்தியெடுத்தல், மறைவிடம் தேடிப் படுத்தல் ஆகிய குறிகள் கண்ட அன்றே மிருக வைத்தியரை நாடுக. நாளை பார்ப்போம் என்ற சொல்லே எமது கறுப்பியைக் கொன்றது.

செம்பனுடைய காலுறையை நாம் அவனிடமிருந்து பறிக்கவில்லை. அவனுடைய வேட்டையும் வெற்றியும் அதிலேதான் இருக்கின்றன. இரவில் அந்த ஓலம் கேட்டதும் எழுந்து விளக்கேற்றுகிறோம். “கெட்டிக்காரன்” என்று தலையைத் தடவிவிட்டு, காலுறையைக் கையில் எடுத்து, எங்கேனும் ஓர் இழை பிரிந்திருக்கிறதா என்று விரலால் வருடிப் பார்க்கிறோம். பிரிந்திருந்தாற் கத்தரித்துவிட்டு அவனிடமே கொடுக்கிறோம். அதன் பின்னரே எமக்கு உறக்கம் வருகின்றது.