நவம்பர் மலையும் நாயின் பாதமும்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வொயிட் மவுன்டன்ஸ் என்றொரு மலைத்தொடர். நாயோடு அங்கே நடக்கப் போகிறவர் ஜனவரியைவிட நவம்பருக்கே அதிகம் பயப்பட வேண்டும் என்பேன். ஜனவரியில் பாறையும் வேரும் கனத்த பனிக்குள் புதைந்து, ஆள் நடமாட்டத்தில் பாதை இறுகியிருக்கும். நவம்பரில் பல இடங்களில் பாறை வெறுமையாகவே கிடக்கும். இடுக்குகளில் கசியும் நீர் இரவில் உறைந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சாக அதன்மேல் படியும்.

அந்தப் பனிப்பூச்சு ஏன் வழுக்குகிறது? மிதிக்கும் அழுத்தத்தில் பனிக்கட்டி உருகுவதால் என்று பள்ளியில் சொல்லித்தந்தார்கள். ஒரு மனிதரின் எடை அதற்குப் போதாது. பனிக்கட்டியின் மேற்பரப்பு மூலக்கூறுகளுக்குப் பிடிமானம் குறைவு. உறைநிலைக்குக் கீழேயும் அவை நழுவிக்கொண்டே இருக்கும். 2018-ல் ஆம்ஸ்டர்டாம், மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் பனிக்கட்டியில் எஃகை இழுத்து அளந்தார்கள். உராய்வு மிகக் குறைந்தது மைனஸ் 7 டிகிரி செல்சியஸை ஒட்டி. இந்த மலைத்தொடரின் 1,917 மீட்டர் உயர வாஷிங்டன் சிகரத்தில் நவம்பர் மாதத்துச் சராசரியே ஏறக்குறைய அவ்வளவுதான்!

மனிதர் பூட்ஸில் முள்சங்கிலி மாட்டிக்கொள்கிறார். நாய் வெறுங்காலோடு வருகிறது. ஆனாலும் அதன் கால் எளிதில் விறைப்பதில்லை. உள்ளங்காலுக்குச் சூடான ரத்தம் கொண்டுபோகும் தமனிகளைச் சுற்றிச் சிரைகள் வலையாகப் பின்னியிருப்பதை 2011-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். குளிர்ந்து திரும்பும் ரத்தம், எதிரே வரும் ரத்தத்திடம் வழியிலேயே சூடு வாங்கிக்கொள்கிறது. அதனால் உடம்புக்குள் குளிர் ஏறுவதில்லை. நாயின் உறவுக்கார விலங்குகளான ஓநாயையும் ஆர்க்டிக் நரியையும் வைத்து 1972-லேயே ஒரு சோதனை நடந்தது. மைனஸ் 35 டிகிரி திரவத்தில் பாதத்தை வைத்தபோதும், திசு உறையும் புள்ளிக்குச் சற்று மேலேயே அதன் வெப்பநிலை நின்றுகொண்டது.

இந்த ஏற்பாடு குளிருக்குத்தான், ஈரத்துக்கு அல்ல. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய பனி பிசுபிசுப்பானது. விரலிடுக்கு முடியில் ஒட்டி உருண்டையாகத் திரண்டு, நடக்க நடக்க முடியைப் பிடித்து இழுக்கும். நாய் அடிக்கடி உட்கார்ந்து காலைக் கடித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கடுங்குளிரின் உலர்ந்த பனியில் இத்தொல்லை குறைவு. இடுக்கு முடியை நறுக்கித் தேன்மெழுகுப் பசை தடவலாம், துணிக்காலுறையும் மாட்டலாம். அலாஸ்காவின் இடிடராட் நாய்வண்டிப் பந்தயத்தில் ஒவ்வொரு நாய்க்கும் எட்டுக் காலுறை வைத்திருப்பது கட்டாயம்.

காலைவிட ஓடையே எனக்குக் கவலை. நவம்பர் ஓடையில் பனித்தகடு மெல்லியது. நாய் ஏறினால் உடையும். நனைந்த ரோமத்தில் காற்று தங்காது, காற்றில்லாத ரோமம் சூட்டைக் காக்காது. மரங்கள் முடியும் உயரத்துக்கு மேல் காற்றும் சேர்ந்தால் நடுக்கம் விரைவில் தொடங்கிவிடும். வாஷிங்டன் சிகரத்தில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கி.மீ. காற்று பதிவானது. நவம்பர் கடைசியில் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியனும் மறைந்துவிடும்.

இன்னொன்று: அங்கே நவம்பர் மான் வேட்டைக் காலம். பழுப்பு நாய் தூரத்திலிருந்து மானாகத் தெரியலாம். பளிச்சென்ற ஆரஞ்சு உடுப்பு நாய்க்கும் வேண்டும்.