ஒரு கட்டு கொத்தமல்லி எத்தனை கப்?

சமையல் குறிப்பு '50 கிராம் கொத்தமல்லித் தழை' என்கிறது. பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டிலும் காந்தி பஜாரிலும் கட்டாகத்தான் கொடுப்பார்கள். வீட்டிலோ தராசு இல்லை, கப்பும் ஸ்பூனும்தான். இவற்றைப் பொருத்திப் பார்ப்பது எப்படி?

முதலில் உங்கள் கப்பின் கொள்ளளவு தெரிய வேண்டும். கடையில் விற்கும் அளவுக் கப் 240 அல்லது 250 மில்லி பிடிக்கும். ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. ஆக, 16 டேபிள்ஸ்பூன் சேர்ந்தால் 240 மில்லி கப் நிரம்பும்.

கணக்கு எளிது. தேவையான கிராமை, ஒரு கப்பில் பிடிக்கும் கிராமால் வகுத்தால் போதும். தண்ணீர் என்றால் 240 மில்லி கப்பில் 240 கிராம். தழை அப்படியல்ல, இலைகளுக்கு நடுவே இருப்பதெல்லாம் காற்று. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, ஒரு கப் கொத்தமல்லி இலை சுமார் 16 கிராம். எனவே 50 கிராமுக்குச் சுமார் மூன்று கப் வேண்டும். அக்கி ரொட்டியில் போடும் சப்பசிகே சொப்பு, அதாவது சதகுப்பைக் கீரை, இன்னும் லேசு: கிள்ளிப் போட்டால் கப்புக்கு 9 கிராம்தான்.

நறுக்கினால் கணக்கு மாறும். திருநீற்றுப்பச்சிலை முழு இலையாகக் கப்புக்கு 24 கிராம். நறுக்கிப் போட்டால் சுமார் 42 கிராம். அதனால் 'நறுக்கிய தழை 1 கப்' என்பதும் 'தழை 1 கப், பிறகு நறுக்கவும்' என்பதும் ஒன்றல்ல. கையால் அழுத்தி நிரப்பினால் இன்னும் கூடும்.

காய்ந்த இலையில் நீர் போய்விடுவதால் மணம் செறிந்திருக்கும். பச்சை இலை 1 டேபிள்ஸ்பூனுக்குக் காய்ந்தது 1 டீஸ்பூன் என்பது பொது விதி. கசூரி மேத்திக்கு இது பொருந்தும். கொத்தமல்லி காய்ந்தால் வாசனையே போய்விடும்; பச்சைத் தழைக்குப் பதிலாக அதைப் போட வேண்டாம்.

விதைகளுக்கு ஸ்பூனை நம்பலாம். ஆனால் பொருளுக்குப் பொருள் எடை வேறு. ஒரு டீஸ்பூனில்:

வெந்தயம் – 3.7 கிராம்
சீரகம் – 2.1 கிராம்
தனியா – 1.8 கிராம்
ஒப்பிட, காய்ந்த கொத்தமல்லி இலை – 0.6 கிராம்

சரி, கட்டு? அதற்கு நிலையான எடை கிடையாது. நாட்டிக் கொத்தமல்லி வேரோடு வரும். கடைக்காரர் தெளித்த தண்ணீரும் எடையில் சேரும். ஆப்பில் வாங்கும் 100 கிராம் பாக்கெட்டும் தண்டோடு சேர்த்துத்தான். ஆய்ந்து, கழுவி, நீர் வடித்த பிறகு இருப்பதே சமையல் அளவு.

ரசத்தில் தழை ஐந்து கிராம் கூடினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. வெந்தயம் கூடினால் குழம்பு கசந்துவிடும். ஆகவே தழைக்குக் கப் போதும். வெந்தயத்துக்கும் உப்புக்கும் அளவு ஸ்பூனைத் தலைதட்டி எடுங்கள். அக்கம்பக்கத்தில் டிஜிட்டல் தராசு இருந்தால், அடிக்கடி வாங்கும் தழைகளை உங்கள் கப்பில் போட்டு ஒருமுறை நிறுத்து எழுதி, சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள். எந்த அட்டவணையையும்விட அது உங்கள் வீட்டுக்குச் சரியாக இருக்கும்.