சுவருக்குள் மறைந்த கம்பி

நெய்வேலி என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு: பழுப்பு நிலக்கரி, அதிலிருந்து பிறக்கும் மின்சாரம். சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த முதல் அனல் மின் நிலையம் 1962ஆம் ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கிற்று. 600 மெகாவாட் அளவுக்கு வளர்ந்தது. 2020இல் தன் பணியை முடித்துக் கொண்டது. அந்நிலையத்தில் நெடுங்காலம் உழைத்தவன் நான். அங்கே ஒவ்வொரு கேபிளுக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண் பொறித்த தகடு அதன் இரு முனைகளிலும் தொங்கும். அது செல்லும் வழி வரைபடத்தில் இருக்கும். கேபிள் புதைந்த இடத்தில் மண்வெட்டி படுவதற்கு முன் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இவ்வளவு ஒழுங்கில் பழகிய நான், என் வீட்டு அடுக்களையில் அதனை அடியோடு மறந்தேன். அக்கதையைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றபின் நகரியத்தில் இருந்த குடியிருப்பை ஒப்படைத்துவிட்டு, அதனை அடுத்த வடக்குத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினேன். அடுக்களையைத் திருத்தி அமைக்க வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். ஒரு நாள் காலை, பரண் அமைப்பதற்காகக் கொத்தனார் இரும்பு முக்காலி மீது ஏறிச் சுவரைக் கொத்தினார். கையால் உளி பிடித்துச் செய்யும் சிறு வேலைதானே என்று மெயின் சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்தேன். சுவிட்சும் இல்லை, பிளக்கும் இல்லை, வெறுஞ்சுவர். திடீரென்று ஓர் அலறல். உளி ஒரு புறமும் அவர் மறுபுறமுமாக விழுந்தனர். கை மரத்து, முழங்கை அடிபட்டதோடு அவர் பிழைத்தது எங்கள் நல்வினை. பியூஸ் போகவில்லை; விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

சுவரைத் திறந்து பார்த்தபோது காரணம் விளங்கிற்று. முன்னிருந்தவர் எவரோ, கம்பியை மிச்சப்படுத்த எண்ணி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குறுக்காகக் குழாயைப் புதைத்திருந்தார். அவர்மேல் மட்டும் பழி சொல்ல எனக்கு உரிமையில்லை. அணைக்காமல் விட்டவன் நானல்லவா?

ஆகவே முதல் விதி இது: அடுக்களைச் சுவரில் உளி படுமுன் மெயினை அணையுங்கள். பின்பு டெஸ்டரால் சோதியுங்கள். அந்த டெஸ்டரையும் முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழுதான டெஸ்டர் பொய்ச்சாட்சி சொல்லும்.

இரண்டாவது, கம்பி செல்லும் வழி. சுவிட்சிலிருந்தும் பிளக்கிலிருந்தும் கம்பி நேர் மேலாகவோ, நேர் கீழாகவோ, படுக்கை வசமாகவோதான் செல்ல வேண்டும், குறுக்கே செல்லலாகாது. அப்போதுதான் சுவருக்கு வெளியே நிற்பவன் உள்ளே இருப்பதை ஊகிக்க முடியும். அடுப்பின் வெப்பம் தாக்கும் இடத்தையும், தண்ணீர்க் குழாயையும், எரிவாயுக் குழாயையும் விட்டு விலகியே செல்ல வேண்டும். கம்பியைப் பி.வி.சி. குழாய்க்குள் இட்டே புதைக்க வேண்டும். இணைப்புகள் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிகளில் மட்டுமே இருக்கலாம். பூச்சுக்குள் முடிச்சுப் போடுவது பின்னால் வரும் தீக்கு வித்து. குழாய் ஆழமாகப் புதையாத இடத்தில் அதன்மேல் இரும்புத் தகடு ஒன்றை வைத்துப் பூசுங்கள். ஆணி அதனைத் தாண்டாது.

மூன்றாவது, கம்பியின் பருமன். 2000 வாட் மின் அடுப்பு, 1500 வாட் கெட்டில், 1200 வாட் நுண்ணலை அடுப்பு ஆகிய மூன்றும் ஒருசேர இயங்கினால், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 20 ஆம்பியர் ஓடும். ஓட்டம் இருமடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். எனவே விளக்குக்குரிய 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இவற்றைத் தொங்கவிடாமல், பெரிய கருவிகளுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியைத் தனித்தனி வழியாகக் கொண்டுவர வேண்டும். எர்த் கம்பி ஒவ்வொரு பிளக்குக்கும் உண்டு என்பதை மறவாதீர்கள்.

இவை கம்பியைக் காப்பவை. மனிதனைக் காப்பது எது? பியூஸும் எம்.சி.பி.யும் மிகையான ஓட்டத்தைத்தான் அறியும். ஓர் உயிரைப் போக்கும் ஓட்டமோ அவற்றுக்கு மிகச் சிறிது. ஆர்.சி.சி.பி. என்னும் கருவி, போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு எங்கேனும் வழிதவறினால் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். அன்று அது என் வீட்டில் இல்லை, இன்று இருக்கிறது.

நகரியக் குடியிருப்பில் வாழும் அன்பர்களுக்கு ஒரு சொல்: அவை நிறுவனத்தின் வீடுகள். உரியவர்களிடம் தெரிவித்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே வேலை நடக்கட்டும்.

பூசுவதற்கு முன் எங்கள் அடுக்களையின் நான்கு சுவர்களையும் படம் எடுத்தேன். தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் ஒவ்வொரு குழாயும் உள்ள தூரத்தை அளந்து, ஒரு தாளில் வரைந்து, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். பூச்சு காய்ந்ததும் மீதி வேலையை முடிக்க அந்தக் கொத்தனாரே வந்தார். உளியை எடுக்குமுன் அலமாரியைத் திறந்து அத்தாளைப் பார்த்தார். பிறகு என்னை நோக்கி, “மெயின் அணைச்சாச்சுங்களா?” என்றார்.

மின் நிலையம் எனக்குக் கற்பித்ததும் அந்த ஒரு கேள்விதான்.