நன்றியுணர்வும் உடல்நலமும்

நன்றியுணர்வு என்பது, தனக்குக் கிடைத்த நன்மையையும் அது தனக்குப் புறத்தேயிருந்து வந்தது என்பதையும் ஒருவர் உணரும்போது எழும் மனநிலை ஆகும். திருக்குறளின் 11-ஆம் அதிகாரமான செய்ந்நன்றியறிதல் இதனை இல்லறவியலுள் ஓர் அறமாக வைக்கிறது. அண்மைய உளவியல் இதனை உறக்கம், மனச்சோர்வு முதலியவற்றோடு தொடர்புபடுத்தி ஆராய்கிறது. கடன்பட்ட உணர்வு இதனோடு ஒத்ததாகத் தோன்றினும் வேறானது. புதுக்கோட்டை மாவட்டத்தில் வழங்கும் நேர்த்திக்கடன், மொய் விருந்து ஆகிய இரு வழக்கங்களும் இவ்வேறுபாட்டை விளக்க ஏற்றவை.

ஆய்வுகள்

ராபர்ட் எம்மன்சு, மைக்கேல் மெக்கல்லோ ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதில் கல்லூரி மாணவர் மூன்று குழுக்களாகப் பிரிந்து, 10 வாரங்கள் வாரம் ஒருமுறை குறிப்பு எழுதினர். ஒரு குழுவினர் நன்றிக்குரியவற்றையும், மற்றொரு குழுவினர் தொல்லைகளையும், மூன்றாம் குழுவினர் பொதுவான நிகழ்வுகளையும் எழுதினர். நன்றிக்குரியவற்றை எழுதியோர், தொல்லைகளை எழுதியோரைவிட வாழ்வில் நிறைவு கூடியதாகவும் உடல் உபாதைகள் குறைந்ததாகவும் தெரிவித்தனர். நரம்புத்தசை நோயுற்றோர் 21 நாட்கள் இவ்வாறு எழுதியபோது உறக்கம் மேம்பட்டதாகக் கூறினர். உறங்கும் முன் மனத்தில் ஓடும் கவலைகள் குறைவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

பயனின் அளவை மிகைப்படுத்தலாகாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளிவந்த பகுப்பாய்வு, மனச்சோர்வும் பதற்றமும் சிறிதளவே குறைகின்றன எனக் கண்டது. 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வு 49,275 முதிய செவிலியரைப் பற்றியது. நன்றியுணர்வு மிகுந்தோரிடையே இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்திருந்தது. எனினும் இது கண்காணிப்பு ஆய்வே. நன்றியுணர்வுதான் காரணம் என்று இதனால் நிறுவவியலாது.

நேர்த்திக்கடன்

நோய் தீர்ந்தால் இன்னது செய்வதாக வேண்டிக்கொண்டு, தீர்ந்தபின் அதனைச் செலுத்துவது நேர்த்திக்கடன் ஆகும். புதுக்கோட்டை மாவட்ட அய்யனார் கோயில்களில் வேளார் செய்த மண் குதிரைகளை ஊர்வலமாகக் கொணர்ந்து வைக்கும் புரவி எடுப்பு இவ்வகையினது. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் உள்ளது. அங்குள்ள சுமார் 33 அடி உயரக் குதிரைச் சிலைக்கு மாசிமகத்தன்று ஆயிரக்கணக்கான காகிதப்பூ மாலைகள் சாத்தப்படுகின்றன. குதிரையின் உடல் மாலைகளால் மறைந்துபோவது காணத்தக்கது.

பெயரிலேயே 'கடன்' இருப்பினும் இதன் அளவை வேண்டியவரே வரையறுக்கிறார். பெற்ற நன்மை ஊரார் முன் நினைவுகூரப்படுகிறது. செலுத்தாவிடின் தெய்வக் குற்றம் ஆகும் என்ற அச்சமும் நிலவுவதால், இது கடனுணர்வு முற்றிலும் அற்றது எனவும் கூறவியலாது.

மொய் விருந்து

கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் முதலிய ஊர்களிலும் அருகிலுள்ள தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியிலும், பெரும்பாலும் ஆடி மாதத்தில், கறி விருந்தளித்து மொய் பெறும் வழக்கம் உண்டு. செலவைக் குறைக்கப் பலர் கூடி ஒரே பந்தலில் நடத்துவர். வட்டியின்றிப் பெருந்தொகை கிடைப்பதால் கிணறு வெட்டவும், மகள் திருமணம் நடத்தவும், தொழில் தொடங்கவும் இது உதவியுள்ளது.

ஆனால் ஒவ்வொரு தொகையும் ஏட்டில் எழுதப்படுகிறது; கொடுத்தவர் விருந்து வைக்கும்போது அதனைக் கூட்டித் திருப்ப வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இப்பகுதியின் தென்னந்தோப்புகளை வீழ்த்தியது. அத்தகைய இழப்பால் ஏட்டிலுள்ள தொகை குறைவதில்லை.

பிலிப் வாட்கின்சு குழுவினரின் 2006-ஆம் ஆண்டு ஆய்வு இவ்விடத்தில் பொருந்துகிறது. உதவியவர் கைம்மாறு எதிர்பார்க்கிறார் என்பது தெளிவாகத் தெரியத் தெரிய, பெறுபவரிடம் நன்றியுணர்வு குறைந்து கடன்பட்ட உணர்வு பெருகியதாக அது காட்டியது. அழைப்பிதழைக் கண்டதும் நண்பர் செய்த உதவி நினைவுக்கு வருகிறதா, திருப்பவேண்டிய தொகை நினைவுக்கு வருகிறதா என்பதே வேறுபாடு எனலாம்.

கடைப்பிடிக்கும் முறைகள்

அன்றைய நாளின் மூன்று நன்மைகளை அவற்றின் காரணத்தோடு இரவில் எழுதுவது, உதவியவருக்கு மடல் எழுதி நேரில் படித்துக் காட்டுவது ஆகியவை மார்ட்டின் செலிக்மன் முதலியோர் 2005-இல் சோதித்த முறைகள். கொடுமைக்கு உள்ளானவரை நன்றி பாராட்டச் சொல்வது தீங்கு விளைவிக்கலாம். நீடித்த மனச்சோர்வுக்கு இது சிகிச்சை அன்று. அதற்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவையோ, 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணையோ நாடலாம்.